நிப் மாற்றுவதற்கு முன்னால்

இங்க் பேனா வாங்கிய புதிதில் பலருக்கும் வரும் ஆசைதான். பேனா பிடித்துப்போய்விட்டது, கையில் நன்றாக உட்காருகிறது. ஆனால் எழுத்து கொஞ்சம் பட்டையாக விழுகிறது, இல்லாவிட்டால் தாளைக் கீறுகிறது. நிப்பை மட்டும் மாற்றினால் போதுமே என்று தேடப் போனால் ஸ்டீல், டைட்டானியம், 14 காரட், 18 காரட், 5ஆம் நம்பர், 6ஆம் நம்பர், ஜோவோ, பாக், எஃப், எம் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. விலையோ பேனாவின் விலையில் கால் பங்கில் தொடங்கி, பேனாவையே நாலைந்து வாங்கலாம் என்கிற அளவுக்குப் போகிறது.

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "தங்க நிப் போட்டால் எழுத்து நன்றாக வருமா?" என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நிப் உங்கள் பேனாவுக்குள் போய் உட்காருமா என்பதுதான் முதலில். கோடு எவ்வளவு பருமனாக விழ வேண்டும் என்பது அடுத்தது. உலோகத்தின் முறை அதற்கும் பிறகுதான்.

நிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வளைத்த ஒரு தகடு, அவ்வளவுதான். நடுவில் மேலிருந்து ஒரு கீறல். கீறல் முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கீறலுக்கு இரண்டு பக்கமும் இருப்பவை நிப்பின் கால்கள். கால்கள் விரிந்து தகடு அகலமாகிற இடம் தோள். அடியில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புக் கட்டைக்கு ஃபீட் என்று பெயர். அதில் நீளவாக்கில் ஓடும் நுண்ணிய பள்ளம் வழியாக மை இறங்குகிறது, இறங்கிய மையின் இடத்தைப் பிடிக்க அதே வழியில் காற்று மேலே போகிறது. குறுக்கே வரிசையாகத் தெரியும் வெட்டுகள், கூடுதலாக வந்துவிட்ட மையைச் சொட்டாமல் பிடித்து வைப்பதற்காக.

இப்போது நுனியைப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கடைசியில் ஒரு பொட்டு மாதிரி உருண்டை தெரியும், தகட்டின் நிறத்திலிருந்து சற்று வேறுபட்டு. அது தகடு இல்லை. தனியாக, மிகக் கடினமான ஓர் உலோகக் கலவையை உருண்டையாக்கி நுனியில் பற்றவைத்து, பிறகு மெல்லிய சக்கரத்தால் நடுவே அறுத்து, மெருகேற்றுகிறார்கள். தங்கம் தாளில் உரசி உரசித் தேய்ந்துபோகும் என்பதால் 1830களிலேயே இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு இரிடியமும் ஆஸ்மியமும் இயற்கையாகக் கலந்து கிடைத்த தாதுத் துணுக்குகள். இன்றைக்குப் பெரும்பாலும் டங்ஸ்டன், ருத்தேனியம், ஆஸ்மியம் கலந்த கலவைகள். மலிவான நிப்புகளில் 'இரிடியம் பாயின்ட் ஜெர்மனி' என்று பொறித்திருப்பதைப் பார்த்து, உள்ளே இரிடியம் இருக்கிறது என்றோ ஜெர்மனியில் செய்தது என்றோ நம்பிவிட வேண்டாம்.

இந்த உருண்டையைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தங்க நிப்பாக இருந்தாலும் ஸ்டீல் நிப்பாக இருந்தாலும் தாளைத் தொடுவது இது மட்டும்தான். தங்கம் தாளைத் தொடுவதே இல்லை. ஆகவே "தங்க நிப் வழுக்கிக்கொண்டு போகும், ஸ்டீல் கீறும்" என்பதில் உலோகத்துக்கு நேரடிப் பங்கு கிடையாது. உருண்டையை எவ்வளவு நேரம் எடுத்து மெருகேற்றினார்கள், இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது அது. விலை கூடிய நிப்புக்குக் கூடுதல் கவனம் கிடைப்பது வழக்கம். அந்த நற்பெயர் தங்கத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நிப் கீறினால் சிமெண்ட் தரையில் தேய்த்தோமே, அதுவும் இந்த உருண்டையைத்தான். சில மலிவு நிப்புகளில் உருண்டையே இருக்காது, நுனித் தகட்டையே மடித்து அமுக்கி விட்டிருப்பார்கள்.

சரி, அளவுக்கு வருவோம். சிக்கல் மொத்தமும் இங்கேதான்.

ஜெர்மனியில் மூன்று நிறுவனங்கள் உலகத்தின் பாதிப் பேனாக் கம்பெனிகளுக்கு நிப் செய்துகொடுக்கின்றன என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. ஹைடல்பெர்க்கில் பாக், பெர்லினில் ஜோவோ, கருங்காடு பகுதியின் சாங்ட் கியோர்கனில் ஷ்மிட். சொந்தமாக நிப் செய்ய வசதியில்லாத சிறிய பட்டறைகள் எல்லாம் இவர்களிடம் வாங்கித் தங்கள் பேனாவில் மாட்டுகின்றன. நம் ஊர் ஆட்களும் அப்படித்தான். திருவள்ளூரில் எபோனைட் என்கிற கெட்டி ரப்பரைக் கடைந்து பேனா செய்யும் ரங்கா போன்ற பட்டறைகளில் ஒரே மாடல் பேனாவை இந்திய நிப்போடும் வாங்கலாம், ஜெர்மன் நிப்போடும் வாங்கலாம். இந்திய நிப் என்று சொல்லும்போது கான்பூரின் கான்ரைட்டை விட்டுவிட முடியாது. விலையும் கம்மி, வேலையும் மோசமில்லை.

இந்த நிப்புகளுக்கு 5, 6, 8 என்று நம்பர் வைத்திருக்கிறார்கள். அந்த எண் ஏறக்குறைய ஃபீடின் விட்டம், மில்லிமீட்டரில். 5ஆம் நம்பர் சின்னது, ஒல்லியான பேனாக்களுக்கு. 6ஆம் நம்பர்தான் இன்றைய நடுத்தர, பெரிய பேனாக்களில் அதிகம். முழு நீளம் 35 மி.மீ.யை ஒட்டி வரும். இந்தியத் தயாரிப்பாளர்கள் சிலர் நம்பரை விட்டுவிட்டு '35 மி.மீ. நிப்' என்று நீளத்தையே சொல்வதும் உண்டு. 8ஆம் நம்பர் பெரிய உருளைப் பேனாக்களுக்கு. பார்க்க அழகு, பையில் வைத்துக்கொண்டு திரிய லாயக்கில்லை.

ஆனால் இந்த எண் ஊருக்கெல்லாம் பொதுவான தரம் கிடையாது. செருப்பு வாங்கும்போது 8 என்றால் எல்லாக் கடையிலும் கிட்டத்தட்ட 8தான். இங்கே அப்படியில்லை. பைலட்டின் 5ஆம் நம்பர் வேறு, ஜோவோவின் 5ஆம் நம்பர் வேறு. பைலட், செய்லர், பிளாட்டினம் ஆகிய மூன்று ஜப்பானிய நிறுவனங்களும் நிப்பைத் தாங்களே செய்கின்றன, அளவும் அவர்களுடையதே. மான்ட்பிளாங்க், பெலிக்கன் வகைகளும் அப்படியே. உங்கள் பேனா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததென்றால் வெளி நிப் தேடுவதில் பொழுதைக் கழிக்க வேண்டாம். அதே நிறுவனத்தின் வேறு பேனாவிலிருந்து மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் பாருங்கள். பைலட்டின் ககுனோ என்ற மாடலின் நிப்பைக் கழற்றி அதன் மெட்ரோபாலிட்டன் மாடலில் போடலாம். மெட்ரோபாலிட்டன் பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் மெல்லிய கோடு வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் மலிவான வழி.

ஜெர்மன் நிப்புகளிலும் ஒரு பொறி உண்டு. நிப், ஃபீட் இரண்டையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயில் செருகி, அதற்கு வெளியே மரை வெட்டி, ஒரே யூனிட்டாக விற்கிறார்கள். யூனிட்டைத் திருகிக் கழற்றி வேறொன்றைத் திருகிவிடலாம், விரலில் மைகூட ஒட்டாது. ஆனால் பாக் மரையும் ஜோவோ மரையும் வேறு வேறு. இரண்டுமே 6ஆம் நம்பர்தான், பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மரை மட்டும் ஏறாது. பலவந்தமாகத் திருகினால் பேனாவின் கழுத்துக்குள் இருக்கும் மரை போய்விடும். பேனா வாங்கிய இடத்தில் "இது பாக்கா, ஜோவோவா?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடுவதுதான் சரி.

மரை இல்லாமல் நிப்பையும் ஃபீடையும் நேரடியாகக் கழுத்துக்குள் அழுத்திச் செருகியிருக்கும் பேனாக்களில் கொஞ்சம் சுதந்திரம் அதிகம். நம் ஊர்க் கைவேலைப் பேனாக்களில் பல இப்படித்தான். சீனத்து ஜின்ஹாவ் எக்ஸ்750 இன்னோர் உதாரணம். அதில் இருக்கும் நிப்பை உருவிவிட்டு ஜோவோ 6ஆம் நம்பரைச் செருகினால் நன்றாகவே உட்காரும். பழகிப் பார்க்க இதைவிட நல்ல பேனா இல்லை. கெட்டுப்போனாலும் மனசு வலிக்காது. லாமி சஃபாரி இன்னும் சுலபம். நிப் ஃபீடின்மேல் நேராக வழுக்கி ஏறி நிற்கிறது, ஒரு துண்டு செலோடேப்பை நிப்பின்மேல் ஒட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும். அளவுவாரியாக நிப்பை மட்டும் தனியாகவே விற்கிறார்கள்.

நிப் யூனிட் திருகி மாட்டும் யோசனை புதிதில்லை. அமெரிக்காவின் எஸ்டர்புரூக் 1930களிலிருந்தே நாலு இலக்க எண்ணோடு விதவிதமான யூனிட்டுகளை விற்றது. அதில் 2668, 9668 என்று இரண்டு உண்டு. இரண்டும் ஒரே நடுத்தரக் கோடு, ஒரே ஸ்டீல். 2இல் தொடங்குவதில் நுனித் தகட்டை மடித்தே முனையாக்கியிருப்பார்கள், 9இல் தொடங்குவதில் கடின உருண்டை உண்டு. விலை வித்தியாசம் அந்தப் பொட்டுக்குத்தான். உலோகம் முக்கியமா நுனி முக்கியமா என்கிற கேள்விக்கு அன்றைக்கே விலைப்பட்டியலில் பதில் போட்டுவிட்டார்கள்.

அடுத்து பருமன். நிப்பில் பொறித்திருக்கும் எழுத்து இதைச் சொல்லும். இ.எஃப் மிக மெல்லியது, எஃப் மெல்லியது, எம் நடுத்தரம், பி பட்டை. ஜெர்மன் நிப் என்றால் எஃப் சுமார் அரை மில்லிமீட்டர், எம் 0.6 முதல் 0.7 வரை, பி 0.8க்கு மேல். மையும் தாளும் மாறினால் இதுவும் மாறும். ஜப்பானியர்களின் எஃப் கிட்டத்தட்ட ஜெர்மன் இ.எஃப் அளவுக்கு மெலிந்திருக்கும். நெருக்கமான கட்டங்களுக்குள் கான்ஜி என்கிற சிக்கலான ஜப்பானிய எழுத்துகளை எழுத வேண்டியவர்கள் ஆயிற்றே.

நமக்கும் அதே தேவை உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கோடு போட்ட சாதாரண நோட்டில் 'கண்ணாடி' என்று எழுதிப் பாருங்கள். 'ண' என்ற எழுத்துக்கு நடுவே குறுக்காக ஓர் ஊசியை ஓட்டினால் நாலைந்து இடத்தில் மைக்கோட்டைக் கடக்கும். எழுத்தின் அகலம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.9 மி.மீ. பட்டை நிப்பில் நாலு கோட்டுக்கே 3.6 மி.மீ. போய்விட்டது, மிச்சமுள்ள வெள்ளை 1.4 மி.மீ.தான். 0.4 மி.மீ. நிப்பில் வெள்ளை 3.4 மி.மீ. பட்டை நிப்பில் 'ண'வின் சுழி அடைத்துப்போய் 'ன' மாதிரி தெரியும், 'ஞ', 'ழு', 'ஐ' எல்லாம் கறுப்புத் திட்டாக நிற்கும். கையெழுத்துப் போட எம்மோ பியோ அழகுதான். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத ஜெர்மன் எஃப், பொடி எழுத்துக்காரர்களுக்கு இ.எஃப். மலிவுத் தாளில் மை ஊறிப் பரவுவதையும் கணக்கில் சேர்த்தால், சந்தேகம் வரும்போது மெல்லியதை எடுப்பதே மேல்.

ஸ்டப் என்று ஒரு வகை உண்டு, 1.1 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். நுனி உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். மேலிருந்து இழுக்கும் கோடு பட்டையாகவும் குறுக்குக் கோடு மெல்லியதாகவும் விழும். வாழ்த்து அட்டைக்கு நன்றாக இருக்கும். முதல் மாற்று நிப்பாக வேண்டாம்.

இனி உலோகம். நிப்புக்குத் தங்கம் வந்தது ஆடம்பரத்துக்காக இல்லை. அன்றைய மை மாசிக்காய்ச் சாறும் அன்னபேதியும் சேர்ந்தது, அமிலத்தன்மை உள்ளது. ஸ்டீல் முனைகளை அது அரித்துத் தின்றது. தொட்டு எழுதும் பேனாவில் முனை போனால் எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். மை எப்போதும் உள்ளேயே நிற்கும் பேனாவில் அது நடக்காது. தங்கம் அரிக்காது, அதனால் தங்கம். பிறகு துருப்பிடிக்காத ஸ்டீல் வந்தது, மைகளும் சாதுவாகிவிட்டன. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் நிப்புக்குத் தங்கம் பயன்படுத்தத் தடை வந்தபோது பெலிக்கன் குரோம்-நிக்கல் ஸ்டீலில் நிப் செய்தது. அவற்றில் சில இன்றும் எழுதுகின்றன. அரிப்புக்குப் பயந்து தங்கம் வாங்கும் காரணம் இன்றைக்கு இல்லை. அன்னபேதி சேர்ந்த அந்தப் பழைய வகை மைதான் பிடிக்கும் என்பவர்கள் மட்டும், ஸ்டீல் நிப்பில் அதைக் காயவிடாமல் அவ்வப்போது கழுவிவிட்டால் போதும்.

இன்று சொல்லப்படும் காரணம் மென்மை. அழுத்தினால் தங்கம் நெகிழ்ந்து கொடுக்கும், ஸ்டீல் விறைப்பாக நிற்கும் என்கிறார்கள். பாதி உண்மை. ஒரே கனத்தில் தகடு எடுத்தால் டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறையப் பாதி, 14 காரட் தங்கக் கலவையும் அதை ஒட்டித்தான், கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரே கனத்தில் யார் செய்கிறார்கள்? தகடு வளைவதில் கனத்தின் செல்வாக்கு பயங்கரமானது. கனம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு. கனத்தைக் கால் பங்கு கூட்டினாலே விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதாவது தங்கத் தகட்டைக் கால் பங்கு தடிப்பாக எடுத்தாலே அது ஸ்டீல் மாதிரி விறைத்து நிற்கும். தங்கம் இயல்பாகத் தந்த நெகிழ்வு மொத்தமும் அங்கே போய்விட்டது. தோளின் அகலம், கீறலின் நீளம், தகட்டின் வளைவு இவையும் சேரும்போது உலோகத்தின் பெயரை வைத்து மட்டும் மென்மையை ஊகிக்க முடியாது. செய்லரின் 21 காரட் நிப்புகளில் பல விறைப்பானவை. காரட் ஏற ஏற மென்மை ஏறும் என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆச்சரியம்.

தங்க நிப் வாங்குவதானால் முத்திரையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நகைக்கடையில் 916 பார்த்துப் பழகியவர்களுக்கு இது சுலபம். 14 காரட்டுக்கு 585, 18 காரட்டுக்கு 750, 21 காரட்டுக்கு 875. '18 கே.ஜி.பி.' என்று பொறித்திருந்தால் உஷார், அந்த ஜி.பி. முலாம் பூசியது என்று சொல்கிறது. நம் பாஷையில் கவரிங். முலாம் எழுத்தை எந்த விதத்திலும் மாற்றாது. அசல் தங்க நிப்பிலும் தங்கத்தின் எடை பெரும்பாலும் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு கைவேலைக்கும் பெயருக்கும்தான். அது தப்பு என்று சொல்லவில்லை, தெரிந்து கொடுப்பது நல்லது.

டைட்டானியம் தனிப் பிறவி. பாக் இதில் நிப் செய்கிறது. பலருக்குப் பிடிப்பது அதன் நெகிழ்வு. தாளில் பென்சில் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய உரசல் கைக்குத் தெரியும், மையும் தாராளமாக இறங்கும். இந்த உரசலைச் சிலர் விரும்புகிறார்கள், சிலர் "கீறுகிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அழுத்தி எழுதும் கை உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது. அளவு மீறி அழுத்தினால் பிரிந்த கால்கள் பழைய இடத்துக்குத் திரும்பாது. பால்பாயின்ட்டில் பத்து வருஷம் எழுதிவிட்டு இங்க் பேனாவுக்கு வருகிறவர்களின் கை பெரும்பாலும் அழுத்தும் கைதான். முதல் ஆறு மாதத்துக்கு ஸ்டீலே அவர்களுக்குக் காவல்.

ஸ்டீலையும் தங்கத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு பெலிக்கன் நல்ல வாய்ப்பு. எம்200இல் ஸ்டீல், எம்400இல் தங்கம், யூனிட்டைத் திருகி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். நண்பர் யாரிடமாவது எம்400 இருந்தால் அவருடைய நிப்பை உங்கள் பேனாவில் போட்டு, அதே மையில், அதே தாளில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு அந்த விலை தகுமா என்பது அவரவர் பர்ஸ். என் கருத்து, தங்க நிப்புக்குத் தரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை, நிப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஸ்டீல் நிப்பைச் சரிசெய்து வாங்கினால், பத்தில் எட்டுப் பேருக்கு அதுவே திருப்தி தந்துவிடும்.

மாற்றும் வேலை அதிகமில்லை. பேனாவை முதலில் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மை காய்ந்து ஒட்டியிருந்தால் ஒரு ராத்திரி ஊறட்டும். வெந்நீர் வேண்டாம். செருகு வகை என்றால் ஒரு துண்டு சைக்கிள் ட்யூபால் நிப்பையும் ஃபீடையும் சேர்த்து, தோளுக்குக் கீழே, மேலும் கீழுமாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். கால்களைப் பிடித்து இழுத்தால் நிப் கோணிவிடும், முறுக்கினால் ஃபீட் உடையும். புது நிப்பை ஃபீடின் நடுவில் வைத்து, கீறலும் ஃபீடின் பள்ளமும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்து, இரண்டையும் சேர்த்தே உள்ளே தள்ளுங்கள். மை நிரப்பும் முன் மூடியை மெதுவாகத் திருகிப் பாருங்கள். புது நிப் பழையதைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்து மூடியின் உள்பக்கம் இடித்தால் அன்றோடு அந்த உருண்டைக்கு ஆயுள் முடிந்தது.

எழுத ஆரம்பித்ததும் கீறினால் உடனே நிப்பைக் குறை சொல்ல வேண்டாம். பத்து மடங்கு காட்டும் லென்ஸில் நுனியை நேர்முகமாகப் பாருங்கள். ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் நிற்கும், பெரும்பாலும் அதுதான் காரணம். உயர்ந்து நிற்கும் காலை நகத்தால் மெல்ல, ரொம்ப மெல்ல, கீழே அமுக்கி மட்டமாக்கலாம். கீறவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையின் முதல் கோடும் விழவில்லை என்றால், உருண்டையின் நடுக் கீறலின் விளிம்பை அளவுக்கு மீறி மழித்திருப்பார்கள், மை தாளை எட்டவில்லை. அது வீட்டில் தீராது, மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான். நெகிழ்வான நிப்பில் அழுத்தும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நடுவில் வெள்ளை தெரிந்தால் குற்றம் நிப்பில் இல்லை, ஃபீடால் அவ்வளவு மையைக் கொடுக்க முடியவில்லை. மை இறங்கும் வேகம் கூடின எபோனைட் ஃபீட் கிடைத்தால் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அழுத்துவதைக் குறையுங்கள்.

கழற்றிய பழைய நிப்பைத் துடைத்து, எந்தப் பேனாவுடையது என்று ஒரு சீட்டில் எழுதி, சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பேனாவை விற்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.